கடைவரம்பு வயலும் ராம்சர் குளமும்: சுசீந்திரம்–தேரூர் நீர்நிலை மேலாண்மையில் ஒரு விடுபடல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022 ஏப்ரல் 8 தேதியிட்டு ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன, பரப்பு 94.23 எக்டேர். அதற்கு முன்பே, 2015இல், மணக்குடிக் கழிமுகத்தையும் சேர்த்து இப்பகுதியைத் தமிழ்நாடு அரசு பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்திருந்தது. பறவைகள் கூடு கட்டுவதற்காக உருவாக்கப்பட்ட நீர்நிலை இது என்கிறது ஒன்றிய அரசின் ராம்சர் அறிவிப்பு. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருப்பது உண்மை. ஆனால் இவை பாசனக் குளங்கள். மடையும் மறுகாலும் அதற்குச் சான்று. குளப் பெயர்கள் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டிலேயே வருவதாக அதே அறிவிப்பு சொல்கிறது. நோக்கத்தைப் பற்றிய இந்தப் பிழையைச் சிறிதென்று தள்ள முடியாது. மேலாண்மையின் எல்லையே அதை வைத்துத்தான் வரையப்படுகிறது. குளத்தைக் காக்க வேண்டுமானால் அதன் கீழுள்ள நெல்வயலும் பாசனக்காரரும் அந்த எல்லைக்குள் வந்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவை உள்ளிட்ட நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பழையாற்றின் தடுப்பணைகளும், 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையைத் தலையாகக் கொண்ட கோதையாற்றுப் பாசனக் கால்வாய்களும் நிரப்புகின்றன. வழக்கமாக ஜூன் 1இல் அணை திறந்து பிப்ரவரி இறுதியில் அடைபடும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போகமும் பெரும்பாலும் இந்த ஒன்பது மாதத்துக்குள் அடங்குகின்றன. வலசைப் பறவைகள் தங்கும் ஐப்பசி முதல் மாசி வரையான காலம் ஏறத்தாழ கும்பப்பூவின் காலம். கூழைக்கடாவும் செங்கால் நாரையும் குளத்தில் மீன் பிடிக்கின்றன. அரிவாள் மூக்கனும் கொக்கும் வயல் சேற்றில் இரை தேடுகின்றன. பாசனத்துக்கு மடை திறந்து நீர்மட்டம் இறங்கும்போதுதான் கரையோரச் சேறு உள்ளான்களுக்குக் கிடைக்கிறது.

இப்போது வயல் குறைந்தால் என்ன ஆகும்? வாழையோ தென்னையோ வந்த இடத்தில் மடை திறக்கும் முறை மாறிவிடுகிறது. வீட்டுமனை வந்த இடத்தில் மடைக்கே வேலையில்லை. மேலும் முக்கியமானது, கால்வாயின் கடைசி வயல்களான கடைவரம்புக்குத் தண்ணீர் வரவில்லை என்று விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பதற்கு ஆள் இல்லாமல் போவது. கேட்பவர் இல்லாத கால்வாய் தூர்ந்துபோகிறது, பிறகு சாக்கடையாகிறது. நாகர்கோவிலின் கழிவுநீர் பழையாற்றில் கலப்பதை இங்குள்ளவர் எல்லாரும் அறிவர். குளத்தின் முதல் காவலர் இந்தப் பாசனக்காரரே என்பது என் உறுதியான கருத்து.

சட்டமோ அவரைக் காணவில்லை. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36பி பிரிவு, காப்பக மேலாண்மைக் குழுவில் வனத்துறைக்கும், கிராம ஊராட்சிகளுக்கும், மூன்று தன்னார்வ அமைப்புகளுக்கும், வேளாண், கால்நடைத் துறைகளுக்கும் இடம் தருகிறது. பாசனக்காரருக்கும் நீர்வளத் துறைக்கும் இடமில்லை. சுசீந்திரமும் தேரூரும் பேரூராட்சிகள். சட்டத்தின் எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் அவற்றுக்கும் இருக்கை கிடையாது! 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள் நெல்வயலையும், பாசனத்துக்கென்றே அமைத்த நீர்நிலைகளையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்குகின்றன. ராம்சர் பட்டியல்தான் இக்குளங்களை அவ்விதிகளுக்குள் கொண்டுவந்தது. வயல் வெளியிலேயே நிற்கிறது. இத்தனைக்கும் ராம்சர் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2008இல் தென்கொரியாவின் சாங்வான் மாநாட்டில் நெல்வயலை ஈரநில அமைப்பாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியவை.

நெல்லுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லி பறவைகளுக்குக் கேடு என்ற மறுப்பு நியாயமானது. அதைக் குறைக்கும் பேச்சை உழவரை வெளியே நிறுத்திவிட்டு நடத்த முடியாது என்பதால், அம்மறுப்பு என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. உழவரைச் சேர்ப்பதற்குப் பழைய ஊர் நிர்வாகத்தை அப்படியே மீட்கலாம் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே 1926இலும் 1930இலும் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. தெருவே சிலருக்கு மட்டும் என்றிருந்த காலத்தின் அதிகார அமைப்பு இன்றைய பொதுவளத்துக்கு முன்மாதிரி ஆகாது. 2000ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி தேர்தலால் அமையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களே காப்பகக் குழுவுக்குப் பொருத்தமான உறுப்பு.

1956 வரை இம்மாவட்டத்தோடு ஒரே ஆட்சியில் இருந்த பகுதிகளையும் உள்ளடக்கிய கேரளம், நெல்வயலையும் ஈரநிலத்தையும் ஒரே சட்டத்தில் வைத்து 2008இல் காத்தது. 2020இல் நெல்வயல் உடைமையாளருக்கு எக்டேருக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகையும் தொடங்கியது. தொகை சிறிது, வயல் செய்யும் பொதுப்பணிக்குப் பொதுப்பணம் உரியது என்ற கொள்கை பெரிது. வயலையும் குளத்தையும் சேர்த்துக் காப்பதைச் சுசீந்திரத்தில் தொடங்க, 36பி குழுவில் பேரூராட்சிகளையும் நீர்வளத் துறையையும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தையும் சேர்க்கும் திருத்தம் வேண்டும். அதுவரை, அவர்களை அழைத்துப் பேச மாவட்ட நிர்வாகத்துக்கு எந்தத் தடையுமில்லை. முதல் கூட்டத்தின் பொருளாக, அணை அடைபட்டிருக்கும் மார்ச் முதல் மே வரை குளத்தில் எவ்வளவு நீர் நிறுத்துவது என்பதை வைக்கலாம். மீனுக்கும் பறவைக்கும் கன்னிப்பூ நாற்றங்காலுக்கும் பங்கிட வேண்டிய நீர் அது.