உணவுப் பொதிப்பொருள் பாதுகாப்பு விதிகள் (இந்தியா)

உணவைத் தாங்கும் பாத்திரம், டப்பா, காகிதம், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றிலிருந்து தீங்கான பொருள் உணவில் இறங்காமல் காக்கும் விதிகள். இந்தியாவில் இவை கலப்படத் தடையின் ஒரு கிளையாகவே தோன்றின. கொள்கலனின் நச்சுத்தன்மை உள்ளிருப்பதைக் கெடுத்தால் அந்த உணவே கலப்பட உணவு என்றது 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் அமைந்த விதிகள் துருப்பிடித்த கலன்களையும், பூச்சு உதிர்ந்த எனாமலையும், சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களையும் விலக்கின. குறை கண்ணுக்கே தெரியும் என்பதால் ஆய்வாளர் வேலை எளிது.

பிளாஸ்டிக் வந்தபின் கண் போதவில்லை. புத்தம்புது உறையிலிருந்தும் அதில் சேர்த்த ரசாயனங்கள் எண்ணெயிலோ புளிப்பிலோ கரைந்து இறங்கலாம். இதை அளக்க வந்ததே ஐ.எஸ். 9845 என்னும் இந்தியத் தரநிலை. ஊறுகாய் போன்ற புளிப்புக்குப் பதிலாக 3 விழுக்காடு அசிட்டிக் அமிலம், கொழுப்புக்குப் பதிலாக ஹெப்டேன் என்று திரவங்களை வைத்துச் சோதிக்கிறார்கள். நெடுநாள் வைக்கும் பொதியானால் 40 டிகிரி செல்சியஸில் 10 நாள் ஊறவிட்டு, திரவத்தை ஆவியாக்கி, எஞ்சும் கசடை நிறுக்கிறார்கள். எவ்வளவு இறங்கியது என்பதை எடை சொல்லிவிடும். இறங்கியது எது என்று சொல்லாது.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின்கீழ், 2011-இல் பொதிக்கும் லேபிளுக்கும் சேர்த்து ஒரே ஒழுங்குமுறை வந்தது. பொதிக்கெனத் தனியே வந்த 2018 ஒழுங்குமுறை 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கும் மொத்தம் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தனி உலோகங்களுக்கும் வரம்பு உண்டு: இரும்புக்கு 48 மில்லிகிராம், கோபால்ட்டுக்கு வெறும் 0.05.

பஜ்ஜி, வடையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதையும் இதே ஒழுங்குமுறை தடை செய்தது; அச்சுமையின் தீங்கு குறித்து, 2006 சட்டத்தின்கீழ் அமைந்த உணவு ஆணையம் 2016 டிசம்பரிலேயே எச்சரித்திருந்தது. தடை தாளில் இருக்கிறது, தாள் தள்ளுவண்டியில் இருக்கிறது.

அதே ஒழுங்குமுறையில் இருந்த, மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் உணவு கூடாது என்ற விதி மட்டும் நிலைக்கவில்லை. குப்பையைக் குறைக்க நினைத்த சுற்றுச்சூழல் விதிகள், கெட்டிப் பிளாஸ்டிக் பொதிகளில் 2025-26 முதல் 30 விழுக்காடு மறுசுழற்சிப் பொருளைச் சேர்க்கச் சொல்லின. உணவு ஆணையமும் 2022-இல், பயன்படுத்திய பெட் (PET) வகைப் பிளாஸ்டிக் பாட்டில்களைத் தூய்மைப்படுத்தி மீண்டும் உணவுப் பொதியாக்க வழிகாட்டுதல்களை வெளியிட்டது.