மனைக்கல்லும் பாதுகாப்புத் தூரமும்: சிவகாசி வட்டாரத்தில் நில உபயோக மாற்றம்

நாளிதழின் உட்பக்கத்தில் கட்டம் கட்டி வரும் அறிவிப்பு ஒன்று உண்டு. இன்ன வருவாய்க் கிராமம், இன்ன புல எண், இத்தனை ஏர்ஸ். முழுமைத் திட்டத்தில் விவசாய உபயோகம் எனக் குறிக்கப்பட்ட இந்நிலத்தைக் குடியிருப்பு உபயோகமாக மாற்றக் கோரி மனு வந்துள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கு இந்த வாசகம் போதலாம், சிவகாசிக்குப் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அறிவிப்பு மனு நிலத்தை மட்டுமே அடையாளம் காட்டுகிறது. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊரிலோ, அடுத்த புல எண்ணில் என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 32(4)ஆம் பிரிவு, ஒப்புதல் பெற்ற முழுமைத் திட்டத்தை மாற்றும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. தனி ஒருவரின் இரண்டு ஏக்கருக்கான உபயோக மாற்றமும் அரசிதழில் இந்தப் பிரிவின் பெயரால்தான் வெளிவருகிறது. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களுக்கு 47-ஏ பிரிவும் 2017ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. விவசாய நிலத்தை வேறு பயனுக்குத் திருப்ப நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு வேண்டும். வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலைகள் பலவும் இத்தகைய ஊராட்சிகளில்தான் இருக்கின்றன. இந்த விதிகளின் கவலை விளைநிலம் வீணாகிறதா என்பது. நியாயமான கவலைதான். ஆனால் வானம் பார்த்த கரிசல் புஞ்சையில் அந்தக் கேள்விக்கு எளிதாகப் பதில் சொல்லிவிடலாம்: பல ஆண்டுகளாகத் தரிசு, சாகுபடி இல்லை. அத்தோடு கோப்பு நகர்ந்துவிடும்.

இதே மண்ணின் மேல் இன்னொரு சட்டமும் கோடு போட்டிருக்கிறது. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் வந்த 2008ஆம் ஆண்டு விதிகளும் பெயரளவில் உரிமச் சட்டங்கள். செயலில் அவை மண்டலச் சட்டங்கள். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டிஆர்ஓ லைசென்ஸ் என்று சிவகாசிக்காரர்கள் ஆலைகளைத் தரம் பிரிப்பார்கள். நாக்பூர் என்பது பெசோ என்னும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம். டிஆர்ஓ லைசென்ஸ் என்பது 15 கிலோ வரையிலான வெடிமருந்துக்கு மாவட்ட நிர்வாகமே வழங்குவது. எந்த லைசென்ஸ் என்று கேட்பதே, எவ்வளவு மருந்து, எவ்வளவு தூரம் என்று கேட்பதாகும். விதிகளின் 8ஆம் அட்டவணை, மருந்தின் அளவு கூடக்கூட வீடு, பள்ளி, மருத்துவமனை, கோயில், சாலை ஆகியவற்றிலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்தத் தூரம் ஆலையின் கம்பிவேலியோடு முடிவதில்லை. பக்கத்துப் புஞ்சைக்குள்ளும் நீள்கிறது.

சிக்கல் இங்கேதான். அந்தத் தூரத்தின் எல்லை ஆலை உரிமத்தோடு இணைந்த வரைபடத்தில் இருக்கும். பக்கத்து நிலத்துக்காரரின் பட்டாவில் இருக்காது, அவருடைய வில்லங்கச் சான்றிலும் வராது. அவர் நிலத்தை வாங்கி மனை பிரிப்பவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் எத்தனை நாள் தேடினாலும் அவர் கண்ணில் படாது. சிவகாசியிலிருந்து கிளம்பும் சாலைகளில் போகிறவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒருபக்கம் வேப்பமரங்களுக்கு இடையே தள்ளித் தள்ளிக் கட்டிய ஓட்டுக் கொட்டகைகளும், தீப்பெட்டி, கைப்பேசிக்குத் தடை என்று எழுதிய வாயிற்பலகையும். மறுபக்கம் உழவு மறந்த கரிசலில் வரிசையாக நட்ட, தலையில் வெள்ளையடித்த மனைக்கற்கள். உரிமம் கொடுத்த அன்று தூரம் சரியாகவே இருந்திருக்கும். கல் நட்டவரும் ஒருவேளை முறைப்படி அனுமதி பெற்றவராகவே இருப்பார். இருவரும் சட்டப்படி நடந்தும் நடுவிலுள்ள வெற்றிடம் சுருங்கிவிடுகிறது. 32(4)ஐப் படித்தால், வெடிபொருள் உரிமத்தின் தூரத்தைப் பார்த்தபிறகே உபயோகத்தை மாற்ற வேண்டும் என்ற கட்டளை அதில் இல்லை.

2016 அக்டோபர் 20ஐ இங்கே நினைவுகூர வேண்டும். அன்று சிவகாசி நகரில் பட்டாசுக் கிடங்கு ஒன்றில் சரக்கு ஏற்றும்போது தீப்பிடித்து, பக்கத்திலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகை புகுந்தது. பரிசோதனைக்கு வந்தவர்களும் ஊழியர்களுமாகக் குறைந்தது எட்டுப் பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். பட்டாசு வேலைக்கு வந்தவர்கள் அல்லர் அவர்கள். அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதி கொண்டுவந்தபோது, அதற்கு வைத்த கடைசித் தேதியும் அதே 2016 அக்டோபர் 20தான். அன்றைக்குள் பத்திரம் பதிவான மனைகள் கட்டணம் செலுத்தி ஒழுங்குக்கு வரலாம். தேதிகள் ஒன்றானது தற்செயல். ஆனால் மனை ஒழுங்கானதா என்று பார்த்த கண்ணும், பக்கத்தில் என்ன சேமித்திருக்கிறது என்று பார்க்க வேண்டிய கண்ணும் வெவ்வேறு அலுவலகங்களில் இருப்பது தற்செயல் அல்ல. நிர்வாகத்தை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் பலியான முப்பத்தெட்டுக்குக் குறையாத உயிர்களில், மீட்கவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் பலர். ஆலைக்கு வெளியே நின்றவர்களையும் வெடிப்பு விட்டுவைக்கவில்லை.

நெதர்லாந்தின் என்ஸ்கடே நகரம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துப் படித்தது. 1970களில் ஊருக்கு வெளியே அமைந்த பட்டாசுக் கிடங்கைச் சுற்றிக் குடியிருப்பு வளர்ந்தது. 2000 மே 13 அன்று அது வெடித்ததில் 23 பேர் இறந்தனர், நூற்றுக்கணக்கான வீடுகள் அழிந்தன. பின்னர் வந்த அந்நாட்டுப் பட்டாசு ஆணை, உள்ளாட்சி நிலத்திட்டம் வகுக்கும்போதே பாதுகாப்புத் தூரத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றது. கிடங்கு வீட்டை நெருங்கக்கூடாது என்பதோடு, வீடு கிடங்கை நெருங்கக்கூடாது என்பதும் சட்டமானது. நம்மிடம் முதல் பாதி இருக்கிறது.

அப்படியானால் ஆலையைச் சுற்றியுள்ள நிலங்களின் மனுக்களையெல்லாம் தள்ளுபடி செய்துவிடலாமா? இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அது வலுவானது. புஞ்சைக்காரர் கேட்பார்: “லைசென்ஸ் அவருக்கு, லாபம் அவருக்கு, என் நிலம் மட்டும் ஏன் சும்மா கிடக்கணும்?” மகள் கல்யாணத்துக்கோ மகன் படிப்புக்கோ அவர் நம்பியிருப்பது அந்த மூன்று ஏக்கரைத்தான். பத்து மைல் தள்ளி அதே கரிசல் சென்ட் கணக்கில் விலைபோகும்போது, இவருடையது பருத்தி நிலமாகவே இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பின் செலவை ஏழை மேல் ஏற்றுவது. ஆகவே பாதுகாப்புத் தூரத்தைத் திட்ட வரைபடத்தில் ஏற்றுவது மட்டும் போதாது. உரிமம் கேட்பவர் அந்தத் தூரம் முழுவதையும் தம் நிலமாகக் காட்ட வேண்டும், அல்லது பக்கத்து நிலத்துக்காரரோடு கட்டுமானம் செய்யாமைக்கு ஒப்பந்தம் செய்து, ஆண்டுதோறும் பணம் கொடுத்து, அந்த ஒப்பந்தத்தைப் பதிவும் செய்ய வேண்டும். பதிவானால் வில்லங்கத்தில் வரும். வில்லங்கத்தில் வந்தால் மனை வாங்குபவருக்குத் தெரியும். சிறு ஆலைகளுக்கு இது சுமைதான். சுமை தாங்காதவர் மருந்தின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். அட்டவணையின் தர்க்கமே அதுதான்.

இதற்குப் புதிய அலுவலகம் எதுவும் தேவையில்லை. வெடிபொருள் உரிமத்துக்கு மாவட்ட ஆட்சியரின் தடையின்மைச் சான்று வேண்டும். ஊராட்சி நிலத்தின் உபயோக மாற்றத்திலும் மாவட்ட நிர்வாகத்தின் கருத்து கேட்கப்படுகிறது. இரண்டு கோப்புகளும் விருதுநகர் ஆட்சியர் வளாகத்துக்கு வந்துதான் போகின்றன, வெவ்வேறு பிரிவுகளின் வழியாக, வெவ்வேறு ஆண்டுகளில். உரிமம் பெற்ற ஆலைகளின் தூரங்களைப் புல எண் வாரியாக, கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் எழுதிவிட்டால், நில உபயோக மாற்ற மனுவுக்கு அறிக்கை எழுத உட்காரும் கிராம நிர்வாக அலுவலருக்கு அது முதல் பார்வையிலேயே கிடைக்கும். நாளிதழ் அறிவிப்பிலும் ஒரு வரி கூட்டலாம்: இந்நிலம் இன்ன உரிமத்தின் பாதுகாப்புத் தூரத்துக்குள் வருகிறது, அல்லது வரவில்லை.