கேமரா என்றால் அறை! - ஒரு லத்தீன் சொல்லின் ஊர்சுற்றல்

இத்தாலியில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் போய் 'ஒரு கமெரா வேணும்' என்று கேட்டுப்பாருங்கள். போட்டோ எடுக்கும் கருவி வராது. ரூம் சாவிதான் வரும். இத்தாலிய மொழியில் 'கமெரா' என்றால் அறை. படுக்கையறையின் பெயர் 'கமெரா த லெத்தோ'. நாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலையும் கேமராவை அவர்கள் 'மக்கினா போட்டோகிராபிகா', அதாவது 'போட்டோ இயந்திரம்' என்கிறார்கள்.

'அறைக்கும் கேமராவுக்கும் என்னங்க சம்பந்தம்?' என்று கேட்கிறீர்களா? கேமராவே ஒரு அறைதான்!

கூரையில் தொடங்கிய கதை

கிரேக்க மொழியில் 'கமாரா' என்றால் வில் போல வளைந்த கூரை. இந்தச் சொல்லை லத்தீன் 'கமெரா' என்று எடுத்துக்கொண்டது. முதலில் வளைந்த கூரை, அடுத்து அப்படிப்பட்ட கூரை உள்ள அறை, கடைசியில் எல்லா அறையும் 'கமெரா' ஆகிவிட்டது.

லத்தீனின் பிள்ளைகளான மொழிகள் இதை ஆளுக்கொரு விதமாக உச்சரித்தன. ஸ்பானிஷில் 'காமரா'. பிரெஞ்சில் 'ஷாம்ப்ர்'. லத்தீனில் 'க' என்று தொடங்கும் பல சொற்கள் பிரெஞ்சுக்குப் போனதும் 'ஷ' ஆகிவிடும். பூனையைக் குறித்த 'கத்துஸ்', அங்கே 'ஷா' ஆனதும் இப்படித்தான். 'ம'வும் 'ர'வும் அடுத்தடுத்து வந்ததால், நாக்கு தன் வசதிக்கு நடுவில் ஒரு 'ப'வைச் சேர்த்துக்கொண்டது.

அந்தப் பிரெஞ்சுச் சொல்லைத்தான் ஆங்கிலம் 'சேம்பர்' ஆக்கியது. நம்மூரில் வக்கீலைப் பார்க்க 'சேம்பருக்கு' போகிறோம். செங்கல் சூளையையும் 'சேம்பர்' என்றே சொல்கிறோம். எல்லாம் ஒரே குடும்பம்.

அறையைப் பார்த்துக்கொள்கிறவர்

அரசரின் அந்தரங்க அறைக்குப் பொறுப்பானவர் ஆங்கிலத்தில் 'சேம்பர்லின்'. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டன் பிரதமராக இருந்த நெவில் சேம்பர்லினின் குடும்பப் பெயர் அதுதான். இதே சொல்லின் இத்தாலிய வடிவம் 'கமெர்லெங்கோ'. போப் இறந்தால், அடுத்தவர் வரும்வரை வாட்டிகனின் அன்றாட நிர்வாகத்தைக் கவனிப்பவர் இவர். 2025 ஏப்ரல் 21-ம் தேதி போப் பிரான்சிஸ் மறைந்த செய்தியை உலகுக்கு அறிவித்தவர், அப்போதைய கமெர்லெங்கோவான கர்தினால் கெவின் ஃபாரல்.

ஸ்பெயினில் ஹோட்டல் சர்வரை 'கமரேரோ' என்பார்கள். ஒரு காலத்தில் அறையில் பணிவிடை செய்தவர், இப்போது காபி கொண்டுவருகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்!

'காம்ரேட்' என்றால் ரூம்மேட்

ஸ்பானிஷில் ஒரே அறையில் தங்கிய படைவீரர்களை 'கமராதா' என்றார்கள். பிறகு, அந்த அறையில் கூடத் தங்கும் ஒரு ஆளுக்கே அது பெயரானது. பிரெஞ்சு வழியாக 16-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து 'காம்ரேட்' ஆனது. நம்ம ஊர் தோழர்கள் ஒருவரையொருவர் 'காம்ரேட்' என்று அழைக்கும்போது, சொல்லின் வேர்ப்படி 'ரூம்மேட்' என்றுதான் அழைக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தாலியில் இதே சொல்லின் வடிவமான 'கமெராத்தா'வை முசோலினியின் பாசிஸ்ட்டுகள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். அங்கே கம்யூனிஸ்ட்டுகள் சொல்வது 'கொம்பாஞ்ஞோ'. ரொட்டியைப் பங்கிட்டு உண்பவர் என்பது அதன் வேர்ப்பொருள். ஆளை மாற்றிக் கூப்பிட்டால் சண்டைதான்!

இருட்டறை பெட்டியான கதை

இருட்டான அறையின் சுவரில் சின்னதாக ஒரு ஓட்டை இருந்தால், வெளியே உள்ள காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். இதை அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தார். 1604-ல் வானியலாளர் கெப்ளர் தன் ஒளியியல் நூலில் 'கமெரா ஒப்ஸ்கூரா' என்ற பெயரைப் பயன்படுத்தினார். லத்தீனில் 'இருட்டு அறை' என்று பொருள்.

அந்த அறை கையில் தூக்கிச் செல்லும் பெட்டியாகச் சுருங்கியது. ஓவியர்கள் அதை வைத்துப் படம் வரைந்தார்கள். 1839-ல் டாகுவேரின் புகைப்பட முறை வெளியுலகுக்கு வந்தது. காலப்போக்கில் 'இருட்டு' உதிர்ந்து, 'அறை' மட்டும் கருவியின் பெயராக நின்றுவிட்டது. ஆக, ஆங்கிலத்துக்கு ஒரே சொல் இரண்டு முறை வந்திருக்கிறது: பிரெஞ்சு வழியாக 'சேம்பர்', நேராக லத்தீனிலிருந்து 'கேமரா'.

நம் பக்கத்து அறைகள்

போர்ச்சுக்கீசியர்களும் இந்தச் சொல்லோடுதான் கப்பலேறி வந்தார்கள். இந்தியில் அறையைக் குறிக்கும் 'கம்ரா' அவர்கள் தந்தது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடும்பம் மொத்தமும் முடங்கிக்கிடக்கும் ஒற்றை அறைக்குப் பெயர் 'லயத்துக் காம்பரா'. பிரெஞ்சில் நடந்தது போலவே இங்கேயும் நடுவில் ஒரு 'ப' ஒட்டிக்கொண்டிருக்கிறது!

கோர்ட்டில் 'இன் கேமரா'

இந்தச் சொல்லின் பழைய பொருளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டிய முக்கியமான இடம் நீதிமன்றம். 'விசாரணை இன் கேமராவில் நடக்கும்' என்று கேட்டதும், 'ஐயோ, எல்லாத்தையும் வீடியோ எடுப்பாங்களா?' என்று பதறத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. 'அறைக்குள்', அதாவது பொதுமக்களை அனுமதிக்காமல் மூடிய அறையில் விசாரணை என்பதே அதன் பொருள். சாட்சியத்தைப் பதிவு செய்வது தனி ஏற்பாடு. அதற்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 37-வது பிரிவு, வழக்கை இப்படித்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது. குழந்தையின் பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்கலாம். பாலியல் வன்கொடுமை வழக்குகளுக்கும் மூடிய அறை விசாரணைதான் விதி.

ஆகவே, உங்களுக்குத் தெரிந்த யாராவது அந்த வார்த்தையைக் கேட்டுப் பயந்துபோய் சாட்சி சொல்லத் தயங்கினால், இதை எடுத்துச் சொல்லுங்கள்: 'உன்னைப் படம் பிடிக்கறதுக்கு இல்லம்மா, ஊர்க் கண்ணு உன் மேல படாம இருக்கத்தான் அந்த ரூம்!'