கிஸ்மிஸ் காயும் வீடு

கடையில் கிஸ்மிஸ் வாங்கும்போது பழுப்பு நிறத்தில் ஒன்று, பச்சை நிறத்தில் ஒன்று இருக்கும். இரண்டும் வேற வேற பழம்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். ஒரே கொடியின் திராட்சையே இரண்டாகவும் ஆகலாம். வித்தியாசம் காய வைப்பதில்தான்.

நேர் வெயிலில் தரையில் பரப்பினால் தோலின் பச்சையம் அழியும். பழத்தின் நொதிகளும் சேர்ந்து அதைப் பழுப்பாக்கும். பச்சை நிறம் நிற்க வேண்டுமென்றால் சூடு வேண்டும், வெயில் படக்கூடாது. ஆப்கானிஸ்தானின் காந்தஹார் விவசாயிகள் இதற்கென்றே கட்டியதுதான் 'கிஷ்மிஷ் கானா'. கானா என்றால் வீடு. நம்ம ஜிம்கானாவில் இருக்கும் அதே கானா. தடித்த மண் சுவர், அதில் வரிசையாக நீளவாக்கில் குறுகிய துளைகள். வறண்ட சூடான காற்று உள்ளே போகும், வெயில் போகாது. உள்ளே குச்சிகளில் திராட்சைக் குலைகள் தொங்கும். காய ஒரு மாதம்கூட ஆகும். சீனாவின் துர்ஃபானிலும் இதே யோசனையில் ஓட்டைச் செங்கல் வீடுகள் உண்டு.

அவசரப்பட்டு சூட்டை ஏற்றினால் என்ன? மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் பொன்னிறத் திராட்சையை 60 - 70 டிகிரி சூட்டுக்காற்றில் ஒரு நாள் அளவில் காயவைத்துவிடுகிறார்கள். ஆனால் அதற்குமுன் தோலில் நுண்வெடிப்பு விழ சூடான காரநீரில் முக்கவேண்டும், நிறம் காக்க கந்தகப் புகை போடவேண்டும். அங்கே கந்தகம் செய்யும் வேலையை இங்கே நிழலும் பொறுமையும் செய்கின்றன.

2006-இல் காந்தஹாரின் பஞ்ச்வாயில் போர் மூண்டபோது இந்தச் சுவர்களுக்கு வேறு வேலை வந்தது. தாலிபான்கள் அவற்றைப் பதுங்கு அரணாக்கினார்கள். காற்றுத் துளைகளே துப்பாக்கித் துளைகள் ஆயின. கனடியக் கவச வண்டிகளின் 25 மி.மீ. குண்டுகளுக்கு மண் சுவர் லேசில் மசியவில்லை. அந்த ஆண்டே கனடா லெப்பர்ட் டாங்கிகளை அனுப்பியதற்கு இந்தச் சுவர்களும் ஒரு காரணம். 2010-இல் அமெரிக்கப் படைகள் பல கிஷ்மிஷ் கானாக்களை இடித்துத் தள்ளின.

வீடு போனாலும் கொடி காய்க்கும். பறித்த பழத்தைத் தரையில்தான் பரப்பவேண்டும். கிடைப்பது பழுப்பு கிஸ்மிஸ். பச்சைக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கிடையாது.