ராமானுஜனின் மாச பட்ஜெட்

ஆன்சைட் போற நம்ம மக்கள் முதல் மாசம் முழுக்க செய்யறது ஒரே வேலைதான். பெருக்கல்! காபி விலையை ரூபாயாக்கிப் பாத்துட்டு, பச்சத்தண்ணி குடிச்சுட்டு வந்துடறது. எங்க தென்காசிப் பக்கத்துப் பையன்னா பெட்டியில துணியை விட பொடி டப்பாதான் ஜாஸ்தி இருக்கும். கூடவே கொட்டை எடுத்த புளி.

இதெல்லாம் நம்ம தலைமுறை கண்டுபிடிப்புன்னு நினைச்சா அது தப்பு. 1914 மார்ச் 17-ல் சென்னையில் கப்பலேறின ஒருத்தர் இதையெல்லாம் முன்னாடியே செஞ்சு பாத்துட்டார். ஆமா, சீனிவாச ராமானுஜன்தான்.

கணக்கை அவர் ஸ்டைல்லயே பாப்போம் (ஹி ஹி, பயப்படாதீங்க, வெறும் கூட்டல் கழித்தல்தான்). சென்னைத் துறைமுகக் கழகத்துல குமாஸ்தாவா இருந்தப்ப மாசச் சம்பளம் 30 ரூபாய். கேம்பிரிட்ஜுக்கு சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை வருஷத்துக்கு 250 பவுண்டு. அன்னிக்கு ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். அதாவது மாசம் 300 ரூபாய்க்கு மேல! அதுல வருஷம் 50 பவுண்டு கும்பகோணத்துல இருக்கிற குடும்பத்துக்குப் போயிடும். டிரினிட்டி கல்லூரி தனியா 60 பவுண்டு கொடுத்தது. ஆக, கையில 260 பவுண்டு. அவரோட எளிமைக்கு இது தாராளம், நல்லாவே மிச்சம் பிடிச்சார்னு பேராசிரியர் ஹார்டியே எழுதியிருக்கார்.

அப்ப என்னதான் பிரச்சினை? காசு இருந்தது, கடையில சாமான் இல்லை. சுத்த சைவம். கல்லூரிச் சாப்பாட்டுல நம்பிக்கை இல்லாம அறையிலேயே தானே சமைச்சார். ஊருக்குக் கடிதம் போட்டு நல்ல புளியும் தேங்காய் எண்ணெயும் பார்சல்ல வரவழைச்சார். போய் நாலு மாசத்துக்குள்ள உலகப்போர் வேற ஆரம்பிச்சுடுச்சு. பாலுக்கும் காய்கறிக்கும் தட்டுப்பாடு. வெறும் சோறு, உப்பு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு இருந்தாப் போதும், எத்தனை நாளானாலும் ஓட்டிடுவேன்னு நண்பருக்கு எழுதினார். புளியங்குடியில எலுமிச்சை மூட்டை மூட்டையா லாரி ஏறறதைப் பாத்து வளர்ந்தவனுக்கு, இந்த வரியைத் தாண்டிப் போகவே முடியலை.

1917-ல் படுத்தார். காசநோய்னு அப்போ சிகிச்சை கொடுத்தாங்க. பழைய குறிப்புகளை ஆராய்ஞ்ச டாக்டர் யங், அது ஈரல்ல அமீபா தொற்றா இருந்திருக்கலாம்னு 1994-ல் எழுதினார். அதனால ‘சாப்பாட்டைச் சுருக்கித்தான் செத்தார்’னு சிலர் அடிச்சு விடறதை நான் ஏத்துக்கறதில்லை. ஆனா அந்தச் சாப்பாடு உடம்புக்கு உதவியிருக்காதுன்னு மட்டும் தோணுது.

1919 ஜனவரி 11. லண்டன் பட்னியில மருத்துவ இல்லத்துல இருந்தபடி பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதறார். நாடு திரும்பின பிறகும் வருஷம் 250 பவுண்டு தர்றதா பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. அதுக்குத்தான் பதில். இவ்வளவு பணம் எனக்குத் தேவையே இல்லை, இங்கிலாந்துச் செலவு போக, 50 பவுண்டை என் அப்பா அம்மாவுக்குக் கொடுங்க, என் அவசியச் செலவும் போக மிஞ்சறதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளோட பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் செலவு பண்ணுங்கன்னு.

அடுத்த வருஷம் ஏப்ரல் 26-ல் காலமானார். வயசு 32.