கோட்டோரம் ஓடியவர்

பந்தாட்டத்தில் பேக் ஆடுகிறவனை யாரும் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடுவதில்லை. கோல் போட்டவனுக்குத்தான் மாலை. எதிராளியை வரவிடாமல் தடுப்பது பேக்கின் வேலை. அவன் ஒழுங்காகத் தடுத்தால் அங்கே ஒன்றுமே நடக்காது. நடக்காத ஒன்றை யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

அதிலும் ரைட் பேக்குக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. ஆட்டம் முழுக்க அவன் ஓரக்கோட்டை ஒட்டியே மேலும் கீழும் ஓட வேண்டும். நடுவில் ஆடுகிறவனுக்குக் கூட்டம் என்பது வெறும் இரைச்சல். ஓரத்தில் ஓடுகிறவனுக்கோ ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் காதில் விழும்.

எங்கண்ணன் ரைட் பேக் ஆடினவர். ஊர்த்தெரு டீமோடு ஆடும்போதெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சாதியைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். "காதுல விழலியாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். "விழாம என்ன? பந்தப் பாக்கறதா, அவனப் பாக்கறதா?" என்றார். அடுத்த வருசம் பூட்சைக் கழற்றி ஆணியில் மாட்டினவர்தான், திரும்ப எடுக்கவேயில்லை. விவ் ஆண்டர்சன் என்ற ஆட்டக்காரரின் கதையைப் படித்தபோது எனக்கு அந்த ஆணிதான் ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இங்கிலாந்துக்கு ஆள் பற்றாக்குறை. 1948இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கான பேரைக் கொண்டுவந்து இறக்கியது. அதன் பின்னாலேயே ஆயிரமாயிரமாய் வந்தார்கள். வேலைக்கு ஆள் வேண்டும், ஆனால் குடியிருக்க வீடு தரமாட்டேன் என்றான் வெள்ளைக்காரன். நமக்குத் தெரியாத நியாயமா இது! அப்படி ஜமைக்காவிலிருந்து வந்து நாட்டிங்காமில் குடியேறிய குடும்பத்தில் 1956இல் பிறந்தவர் ஆண்டர்சன். அவருக்கு இரண்டு வயது இருக்கும்போது, 1958 ஆகஸ்டில், அதே ஊரில் இனக்கலவரம் வெடித்தது.

பள்ளிப் பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அவரைக் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று அனுப்பிவிட்டது. ஒரு அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். பிறகு உள்ளூர் கிளப்பான நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கூப்பிட்டது. 1974இல் அதன் முதல் அணியில் இறங்கினார்.

கார்லைல் ஊரில் நடந்ததை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் மாற்று ஆள். மேனேஜர் பிரையன் கிளஃப், போய் உடம்பைச் சூடேற்றிக்கொள் என்று அனுப்பினார். போன வேகத்தில் ஆண்டர்சன் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் என்றால், வாழைப்பழமும் பேரிக்காயும் ஆப்பிளும் எறிகிறார்கள் என்றார். அப்படியா, திரும்பப் போய் எனக்கு ரெண்டு பேரிக்காயும் ஒரு வாழைப்பழமும் பொறுக்கிட்டு வா என்றாராம் கிளஃப். ஆட்டம் முடிந்தபின் தனியாகக் கூப்பிட்டு, அவனுங்க பேச்சுக்குக் காது கொடுத்தால் உன் இடத்தில் வேறொருவனைப் போடுவேன் என்றும் சொன்னாராம்.

இதை ஒரு நல்ல ஆசானின் கதையாக எல்லோரும் சொல்கிறார்கள். ஆண்டர்சனும் நன்றியோடுதான் சொல்கிறார், அந்த நன்றியில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் கதையைத் திருப்பிப் பாருங்கள். எறிந்தவன் எறிந்துகொண்டே இருக்கலாம், எறி வாங்கினவன்தான் மாற வேண்டும். தாங்கிக்கொண்டால் வேலை, தாங்காவிட்டால் வீடு. பேரிக்காயைக்கூட அவனேதான் பொறுக்க வேண்டும்.

அவர் தாங்கினார். 1977-78இல் ஃபாரஸ்ட் இங்கிலாந்தின் சாம்பியன். 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கோப்பை. இரண்டு இறுதி ஆட்டங்களிலும் எதிரணியை ஒரு கோல்கூட அடிக்கவிடாத தடுப்புவரிசையில் அவர் நின்றார். அதற்கு முன்பே, 1978 நவம்பர் 29 அன்று வெம்பிளி மைதானத்தில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு எதிராக இங்கிலாந்துச் சட்டை போட்டு இறங்கிவிட்டார். அரசியிடமிருந்து வாழ்த்துத் தந்தி வந்தது. இங்கிலாந்தின் முழு தேசிய அணிக்கு ஆடிய முதல் கறுப்பர் என்று வரலாறு எழுதிக்கொண்டது.

எம்.ஏ. தமிழ் படித்ததில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், 'முதல்' என்ற சொல்லைப் பார்த்தால் அதற்கு முன்னால் யாரை அடித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள் என்று தேடுவேன். இங்கேயும் ஒருவர் இருந்தார், ஜாக் லெஸ்லி. அப்பா ஜமைக்காக்காரர். பிளிமத் ஆர்கைல் கிளப்புக்குச் சுமார் 400 ஆட்டங்களில் 137 கோல் போட்டவர். 1925இல் இங்கிலாந்து அணிக்கு அவரைத் தேர்ந்தெடுத்ததாகச் சேதி வந்தது, ஊரே கொண்டாடியது. கடைசியில் வெளிவந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. என்னைப் பார்க்க ஆள் வந்தார்கள், என் ஆட்டத்தைப் பார்க்க அல்ல, முகத்தைப் பார்க்க என்று வயதான காலத்தில் லெஸ்லி சொன்னார். அப்போது அவர் வெஸ்ட் ஹாம் கிளப்பில் ஆட்டக்காரர்களின் பூட்சைத் துடைத்துப் பாலிஷ் போடும் வேலை பார்த்து முடித்திருந்தார். 1925க்கும் 1978க்கும் நடுவில் 53 வருசம். ஆகவே 'முதல்' என்ற பட்டத்தில் ஆண்டர்சனின் திறமை பாதிதான். அத்தனை வருசம் கதவைச் சாத்திவைத்தவர்களின் கணக்கும் அதில் இருக்கிறது.

நமக்கும் இது புதிதல்ல. பல்வங்கர் பாலு பந்து போட்டால் இந்து அணி ஜெயிக்கும். ஆனால் புனாவில் அவருக்குத் தேநீர் வெளியில், தனி மண்குவளையில். தலைமைப் பொறுப்பு அவருக்கு வரவேயில்லை. தம்பி விட்டலுக்கு 1923இல்தான் கொடுத்தார்கள். திறமையை எடுத்துக்கொள்வான், நாற்காலியைத் தரமாட்டான்.

ஆண்டர்சன் 1984இல் ஆர்சனலுக்குப் போனார், 1987இல் அங்கே லீக் கோப்பை வென்றார். அதே வருசம் மான்செஸ்டர் யுனைடெட் அவரை விலை கொடுத்து வாங்கியது. பையனாக இருந்தபோது வேண்டாமென்று அனுப்பின அதே கிளப்! அலெக்ஸ் ஃபெர்குசன் அங்கே மேனேஜராக வந்ததும் எடுத்த முதல் ஆட்டக்காரர் இவர்தான். பிறகு 1991இல் ஷெஃபீல்ட் வென்ஸ்டே. 1993இல் பார்ன்ஸ்லியில் ஆட்டக்காரர், மேனேஜர் இரண்டும் அவரே. ஒரு பருவம் கழித்து மிடில்ஸ்பரோவில் பிரையன் ராப்சனுக்குத் துணையாகத் தாமே போனார். அவர் முதல் நாற்காலியில் உட்கார்ந்தது அந்த ஒரு பருவம்தான். நாட்டுக்காக 30 ஆட்டம் ஆடினார். 1982, 1986 உலகக்கோப்பைகளுக்கு அழைத்துப் போனார்கள், ஒரு நிமிஷம்கூட இறக்கவில்லை. இதை நிறவெறி என்று நான் சொல்ல வரவில்லை, அந்த இடத்துக்கு வேறு நல்ல ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் ஒரு கறுப்பனை உட்காரவைக்கும்போது அந்தச் சந்தேகம் அவனுக்கு வந்தே தீரும். வெள்ளைக்காரனுக்கு வராது. அவமானத்தின் மிச்சம் அதுதான்.

2021 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட மூன்று கறுப்பு இளைஞர்களை இங்கிலாந்துக்காரர்களே ஏசியது உலகத்துக்கே தெரியும். இப்போது எறிவதற்குப் பழம்கூடத் தேவையில்லை, கையில் செல்போன் இருந்தால் போதும். 2023இல், லெஸ்லி செத்து 35 வருசம் கழித்து, தேசிய அணிக்கு ஆடுகிறவர்களுக்குத் தரும் தொப்பியை அவருடைய பேத்திகளிடம் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் போன மாசம் அண்ணனிடம் சொன்னேன். தொப்பிக் கதையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தவர், "பழம் எறிஞ்சவனுங்களுக்குச் சட்டம் கிட்டம் ஒண்ணும் இல்லியா?" என்றார். மைதானத்தில் நிறவெறிக் கோஷம் போடுவது குற்றம் என்று 1991இல்தான் தனிச்சட்டம் வந்தது, அதுவும் ஒருத்தனுக்கு மேல் சேர்ந்து கத்தினால்தான் செல்லும், ஒருத்தன் தனியாகக் கத்தினாலும் குற்றம் என்று 1999இல்தான் திருத்தினார்கள் என்றேன். நம்முடைய 1989 வன்கொடுமைச் சட்டத்திலும் சாதி சொல்லி இழிவுபடுத்தினது 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட' இடத்தில் நடந்ததா என்று வக்கீல்கள் அலசுவதை அண்ணன் கோர்ட்டில் பார்த்திருக்கிறார்.

விரலை மடக்கி எண்ணினார். "எழுபத்தி நாலுல இறங்குனாரு. தொண்ணூத்தி ஒண்ணுல சட்டம். பதினேழு வருசம் அந்தக் கோட்டோரம் ஓடியிருக்காருடா" என்றார். பிறகு எழுந்து போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குமேல் அன்றைக்கு நாங்கள் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.