வயலில் கிடைத்த வெள்ளியும் என் அரைஞாண் கொடியும்

நாகபுரிக்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால் நம்மில் பலரும் அவர்களை மத்திய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவதுண்டு. 1863-இல் தொடங்கிய அந்த இடத்தை இங்குள்ளவர்கள் 'அஜப் பங்களா' என்பார்கள். பாடம் செய்து வைத்த விலங்குகளைப் பார்த்துவிட்டு, "சரி, கிளம்பலாமா?" என்று திரும்பிவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் திரும்பினேன். குங்கேரியாவைப் பற்றிப் படித்த பிறகுதான் அங்குள்ள பழைய உலோகப் பொருள்களின் பக்கம் என் கண் போயிற்று.

குங்கேரியா, இன்றைய மத்தியப் பிரதேசத்துப் பாலாகாட் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். 1870-இல் அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் கண்ணில் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓர் உலோகத் துண்டு பட்டது. தோண்டத் தோண்ட வந்தவை 424 செப்புப் பொருள்கள். எடை 829 பவுண்டு, அதாவது சுமார் 376 கிலோ. தட்டைக் கோடரிகளும் நீண்ட பாளங்களுமாக இருந்தன. அவற்றோடு 102 வெள்ளித் தகடுகள். காகிதம் போல் மெலிந்தவை. சில வட்டமானவை, சில கொம்பு வளைந்த காளைத் தலை வடிவம் கொண்டவை. அத்தனையும் சேர்ந்து சுமார் 80 தோலாதான். இந்தப் புதையல் பிறகு பல இடங்களுக்குப் பிரிந்து போயிற்று. ஒரு பகுதி நம் நாகபுரிக்கு வந்தது. ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வரை போனது.

இவ்வளவு கிடைத்தும், இதை யார், ஏன் புதைத்தார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செப்புப் பொருள்களை வடிவத்தை வைத்து கி.மு. இரண்டாம் ஆயிரத்தில் வைக்கிறார்கள். வெள்ளித் தகடுகளுக்கு இணை சொல்ல வேறு ஊர் அகப்படாததால் அவற்றின் காலம் பற்றி வாதம் தொடர்கிறது. கூடவே ஒரு பானை ஓடு, கொஞ்சம் கரி, ஓர் எலும்பு என்று எதையாவது அன்றைக்குப் பத்திரப்படுத்தியிருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும்.

இது வெறும் பேச்சல்ல என்பதற்குச் சினௌலி சாட்சி. பிடியில் இரு கொம்பு விரிந்தாற்போன்ற செப்பு வாள்கள் கங்கை-யமுனைச் சமவெளி வயல்களில் நூறு வருஷத்துக்கு மேலாக அகப்பட்டு வந்தன. ஆனால் யாருடையவை என்று தெரியாமல் கிடந்தன. உத்தரப் பிரதேசத்துச் சினௌலியில் உழவர்கள் நிலத்தைச் சமன் செய்தபோது எலும்பும் பானையும் வந்தன. தொல்லியல் துறை 2005-இல் தோண்டியது. 116 ஈமக்குழிகள் வெளிப்பட்டன. அங்கே அந்த வாள் புதைகுழியிலேயே கிடைத்தது. 2018-இல் செப்பு வேலைப்பாடு கொண்ட வண்டிகளும் வெளிவந்தன. சுமார் 4000 ஆண்டுக்கு முந்திய மக்கள் என்று காலம் தெரிந்தது. பொருள் என்னவோ அதேதான். கிடந்த இடத்திலேயே பார்த்ததால் அது வாய் திறந்தது.

சரி, வயலில் ஒரு துண்டு அகப்பட்டால் எப்படி இனம் காண்பது? முதலில் நிறம். செம்பும் வெண்கலமும் பச்சை பூக்கும். இரும்பு துருப்பிடித்து உப்பிப் போகும். வெள்ளி கருத்துக் கிடக்கும், செம்பு கலந்திருந்தால் அதிலும் பச்சை ஏறும். அடுத்து ஓரம். வெள்ளித் தகட்டை வெட்டி, மூலையைக் கத்தரித்து எடை சரிபார்த்த துண்டு என்றால் அது முத்திரைக் காசாக இருக்கலாம். இவை கி.மு. 6 அல்லது 5-ஆம் நூற்றாண்டு முதல் வழங்கியவை. வட்டமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பார்த்தால் உடைந்த தகடு என்றே தோன்றும். மௌரியர் காலத்துக் காசு பெரும்பாலும் 3.4 கிராமுக்குள் நிற்கும். முகப்பில் சூரியன், ஆறு கை கொண்ட சக்கரம், குன்று, காளை என்று ஐந்து முத்திரைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கரூர்ப் பக்கம் எங்கள் மேட்டுக்காட்டைப் பற்றி அப்பத்தா அடிக்கடி ஒரு கதை சொல்வாள். "உங்க தாத்தா ஏர் ஓட்டறப்ப கலயம் ஒண்ணு கொழுவுல மாட்டி உடைஞ்சு போச்சு கண்ணு. உள்ளே கருப்புக் கருப்பாத் தகடு. மூலையெல்லாம் வெட்டியிருந்துச்சு. புளி போட்டுத் தேச்சா, சூரியன் கணக்காக் கோலம் தெரிஞ்சுது, வெள்ளி! ஆசாரிகிட்டக் குடுத்து உனக்கு அரைஞாண் கொடி அடிச்சோம்."

அந்தக் கொடி இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது. நல்ல வெள்ளி, ஆனால் அதில் சூரியனும் இல்லை, குன்றும் இல்லை. உருக்கியாயிற்று, இனி யாரைக் கேட்பது? 2021-இல் கீழடியில் ஒரே ஒரு வெள்ளி முத்திரைக் காசு கிடைத்தபோது தமிழ்நாடே பேசிற்று. எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று எழுதி வைத்ததால் அந்த ஒற்றைக் காசுக்கு அவ்வளவு மதிப்பு. எங்கள் காட்டில் ஒரு கலயமே இருந்தது.

தாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்த பிறகும் சும்மா இருந்தால்தான் தப்பு. நம்மில் பலருக்கு ஊரில் நிலம் உண்டு. குத்தகைக்கு விட்டிருப்போம், வரப்பைச் சமன் செய்ய டிராக்டர் விடுவோம். ஏதாவது அகப்பட்டால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம். கிடந்தபடியே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அதற்குமேல் தோண்டாமல் நிறுத்தச் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் குற்றம்.

அடுத்த முறை ஊருக்குப் போன் பேசும்போது மழை உண்டா, விளைச்சல் எப்படி என்று கேட்பதோடு இதையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.